கடாரத்து மண்ணும் நம் சங்கங்களும்

 

பரிசளிப்பு விழா மலர் என்றால் வாழ்த்துரை, ஆண்டறிக்கை, பிள்ளைகளின் கவிதை இவற்றோடு ஒரு வரலாற்றுக் கட்டுரையும் வருவது வழக்கம். பெரும்பாலும் அது ராஜராஜனையோ காந்தியடிகளையோ பற்றியதாக இருக்கும். இம்முறை நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள், மீன் வாங்கப் போயிருப்பீர்கள். அந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும், செம்பனைக்கு அடியிலும் வயல்வரப்புக்கு அடியிலும், இந்த நாட்டிலேயே மிகப் பழைய கட்டடங்களில் பல புதைந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்று 2013ஆம் ஆண்டில் மண்வாரி இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. அது ஏன் இடிந்தது, யார் குரல் கொடுத்தார்கள், அந்தக் குரல் ஏன் பிந்தி வந்தது, அதற்கும் நம் தோட்டத்துச் சங்கங்களுக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இடம். குனோங் ஜெராய் மலைக்குத் தெற்கே, மெர்போக் ஆறும் பூஜாங் ஆறும் பாயும் பகுதியைப் பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். மலாயில் லெம்பா பூஜாங். ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். மலையின் உயரம் பெரிதல்ல, அது நிற்கும் இடம்தான் பெரிது. வங்கக்கடலைக் கடந்து வரும் கப்பல்காரனுக்கு முதலில் கண்ணில் படும் நிலம் அதுதான். மழைக்காற்று ஒரு பருவத்தில் கப்பலைக் கொண்டு வரும், மறு பருவத்தில் திருப்பி அனுப்பும். இடையில் உள்ள மாதங்களில் வணிகர் தங்க வேண்டும், உண்ண வேண்டும், சாமி கும்பிட வேண்டும். கோயில் எழுந்தது அப்படித்தான்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்குகளைச் சொல்லுமிடத்தில் காழகம் என்று ஓர் ஊர் வருகிறது. அது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை கூறுகிறது. கடாரம்தான் நம் கெடா என்பது அறிஞர் பலரின் கருத்து. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினார். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானம் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற பட்டயம் இதைச் சொல்கிறது. அப்பா காலத்தில் இப்படி உறவு, மகன் காலத்தில் போர். 1025ஆம் ஆண்டளவில் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பினான், கடாரம் கொண்டான் என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். மேடைகளில் நாம் இரண்டாவது செய்தியைத்தான் உரக்கச் சொல்கிறோம். எனக்கென்னவோ முதல் செய்திதான் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தது என்று படுகிறது. ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊரில் கோயில் கட்ட, அவ்வூர் அரசன் நிலம் கொடுத்தான் என்பது எவ்வளவு பெரிய காரியம்!

பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள பழைய இந்து, பௌத்தக் கட்டடங்களை மலாய் மொழியில் சண்டி என்பார்கள். சண்டியைப் பார்க்கப் போகும் நம் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி, "கோபுரம் எங்கே சார்?" என்பதுதான். கோபுரம் கிடையாது. கல்லாலோ செங்கல்லாலோ ஒரு பீடம், கருவறை இருந்த இடம், அதன் முன்னே மண்டபத்தின் தரை, தூண் நின்ற குழிகள் அல்லது கல் ஆதாரங்கள். மேலே மரத்தூணும் ஓலையோ ஓடோ போட்ட கூரையும் இருந்திருக்கும் என்கிறார்கள். மரமும் ஓலையும் ஆயிரம் ஆண்டு நிற்குமா? அதனால் தெரியாதவன் கண்ணுக்குச் சண்டி என்பது புல் மண்டிய ஒரு செங்கல் மேடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கதைக்கு இது முக்கியம்.

இந்த மேடுகளை முதலில் எழுத்தில் பதிந்தவர் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. செபராங் பிறையில் நிர்வாகியாக இருந்தவர், ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுத் தேடியவர். 1834ல் அவர் கண்டெடுத்த ஒரு கல்லில் புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெரிய கப்பல் தலைவன், தன் பயணம் நலமாக அமைய வேண்டிக்கொண்ட வாசகம் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து. அதற்கு நூறு ஆண்டுக்குப் பின், 1930களின் பிற்பகுதியில், குவாரிட்ச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவி டோரத்தியும் வந்து வயல், கம்பம், தோட்டம், காடு என்று அலைந்து முப்பது இடங்களைத் தோண்டிப் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்தார்கள். 1940ல் அந்த ஆய்வு அச்சானது. இன்றைக்கும் அந்த எண்களையே பெயராகச் சொல்கிறோம். எட்டாம் எண் புக்கிட் பத்து பஹாட் சண்டி. அதை 1959, 1960 ஆண்டுகளில் அலஸ்டெயர் லாம்ப் என்பவர் கல் கல்லாகப் பிரித்து அதே இடத்தில் மறுபடி அடுக்கி நிறுத்தினார். அதன் பக்கத்தில்தான் மெர்போக் அருங்காட்சியகம் 1980ல் திறக்கப்பட்டது. வேறு சில சண்டிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அந்த வளாகத்திலேயே வைத்தார்கள்.

அப்படிப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை பிழைத்தன. சொந்த இடத்தில் விடப்பட்டவற்றின் கதி வேறு. இடிபட்டது பதினோராம் எண்.

2013 டிசம்பர் தொடக்கத்தில் செய்தி வெளியானது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது பதினோராம் எண் சண்டி இடிக்கப்பட்டுவிட்டது என்பதைப் பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம் என்னும் அமைப்பு வெளியே கொண்டுவந்தது. அதன் தலைவர் வி. நடராஜன். கெடாவின் பழைய வரலாற்றை ஆங்கிலத்தில் பெரிய நூலாக எழுதியவர். அப்போது பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்த பேராசிரியர் பி. ராமசாமி அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். அடுத்த நாள்களில் எல்லா மொழிப் பத்திரிகைகளிலும் இதே பேச்சு. 1,200 ஆண்டுப் பழைமையானது என்று செய்திகள் எழுதின. வரலாற்று ஆர்வலர்கள், பாரம்பரிய அமைப்புகள், அரசியல் கட்சிகள் எனப் பலரும் குரல் கொடுத்தார்கள். பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை போன்ற, இந்தியர் மட்டும் அல்லாத அமைப்புகளும் சேர்ந்து பேசின. தமிழர் பிரச்சினை என்று சுருக்காமல் நாட்டின் சொத்து என்று அவர்கள் பேசியது எனக்கு அன்றைக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது.

மாநில அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் என்ன? நிலம் தனியாருடையது, அந்தச் சண்டி அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்பதே. மறுபடியும் கட்டுவது பற்றியும் பேசப்பட்டது. ஆயிரம் ஆண்டுச் செங்கல்லை உடைத்துவிட்டுப் புதுச் செங்கல் வைத்துக் கட்டினால் அது அச்சு அசல் போல இருக்கலாம். சுவரில் மாட்டிய தாத்தா படம் தாத்தா ஆகிவிடுமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாம் உடனே, "எல்லாம் வேணும்னே செஞ்சது" என்று முடித்துவிடுகிறோம். அப்படிச் சொல்லிவிட்டால் யோசிக்க வேண்டிய வேலை நமக்கு இல்லை. ஆனால் அரசு சொன்ன அந்த விளக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 1940லேயே எண் கொடுத்து அச்சான ஒரு சண்டி, 2013 வரைக்கும் எந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள்ளும் வரவில்லை. எழுபத்து மூன்று ஆண்டு! அறிஞர்களின் ஏட்டில் அது இருந்தது. காப்பாற்றும் அதிகாரமுள்ள ஏட்டில் இல்லை. இயந்திரம் ஓட்டியவருக்கு அது ஒரு மேடு. ஒரு ஏட்டிலிருந்து இன்னோர் ஏட்டுக்கு அந்த எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை யார் செய்திருக்க வேண்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1976ல் தொல்பொருள் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2005ல் தேசிய பாரம்பரியச் சட்டம், அதாவது 645ஆம் சட்டம் வந்தது. பாரம்பரிய ஆணையர் ஓர் இடத்தைப் பாரம்பரிய இடமாக அறிவிக்கலாம். ஆனால் நம் நாட்டு அரசியலமைப்பில் நிலம் மாநில அதிகாரத்தில் உள்ளது. கோலாலம்பூர் நினைத்தால் மட்டும் போதாது, அலோர் ஸ்டாரும் ஒத்துவர வேண்டும். நிலம் தனியார் கெரானில் இருந்தால் நிலச் சொந்தக்காரரோடும் பேச வேண்டும். இத்தனை பேர் ஒத்துப்போகும் வரைக்கும் மேடு மேடாகவே இருக்கும்.

இன்னொரு சட்டம் இருக்கிறது. அதைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 172ஆம் சட்டம் என்பார்கள். அதன்படி மாநிலத்துக்கு ஒரு பெரிய திட்டம், ராஞ்சாங்கான் ஸ்ட்ருக்தூர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நகராண்மைக் கழகம் தயாரிக்கும் உள்ளூர்த் திட்டம், ராஞ்சாங்கான் தெம்பாத்தான். எந்த நிலம் விவசாயம், எது வீடமைப்பு, எது தொழிற்சாலை, எது பள்ளி, எது வழிபாட்டு இடம் என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அதில் இருக்கும். அந்தத் திட்டத்தை முடிவாக்கும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பத்திரிகையில் அறிவிப்பு வரும். மண்டபத்தில் படம் மாட்டியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பாரத்தில் எழுதிப் போடலாம். நம்மவர்களில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அறிவிப்பு மலாயில் இருக்கிறது, படம் புரியவில்லை, வேலை நாளில் வைக்கிறார்கள் என்று காரணங்கள் உண்டு. அவை பொய்யான காரணங்களும் அல்ல. ஆனாலும் அந்தச் சில வாரங்கள் கடந்துபோனால், அதன்பின் நாம் மறியல் செய்தாலும் மகஜர் கொடுத்தாலும் ஏற்கெனவே வண்ணம் தீட்டிய படத்தின் மேல்தான் பேச வேண்டியிருக்கும்.

பதினோராம் எண் விஷயத்தில் சங்கங்கள் சேர்ந்தன, உண்மைதான். ஆனால் சேர்ந்தது இடிந்த பிறகு.

நாட்டுக்கு நாடு இப்படித்தான் நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்தின் பழைய கல் வளைவை 1961, 1962ல் இடித்தார்கள். கூக்குரல் எழுந்தது, வளைவு பிழைக்கவில்லை. ஆனால் அதன்பின் ஊர் ஊராக நகர நலச் சங்கங்கள் வலுப்பெற்றன. 1967ல் பழைய தெருக்களை வட்டாரமாகவே பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. திட்டமிடுதலில் மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று ஸ்கெஃபிங்டன் என்பவர் தலைமையில் ஒரு குழு 1969ல் அறிக்கையே கொடுத்தது. அவ்வளவு தூரம் வேண்டாம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஜார்ஜ் டவுன் 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம்பெற்றது. அதற்குப் பின்னால் கடைவீட்டுக்காரர்கள், கோயில், மசூதி, கொங்சி நிர்வாகங்கள், 1980களிலிருந்தே கத்திக்கொண்டிருந்த பாரம்பரிய அறக்கட்டளைக்காரர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. கெடாவுக்கும் பினாங்குக்கும் நடுவில் ஓர் ஆறுதான். ஆனால் அங்கே கட்டடத்தின் உள்ளே மக்கள் குடியிருந்தார்கள். பதினோராம் எண்ணுக்குள் யார் குடியிருந்தார்கள்?

"இதெல்லாம் படிச்சவங்க வேல, தோட்டத்து ஆளுங்களால ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்களுக்கு நம் மாநிலத்து வரலாறே பதில் சொல்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் போன பிறகு, 1946, 1947 ஆண்டுகளில், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்று ஓர் இயக்கம் எழுந்தது. ஹார்வர்டு தோட்டத்தில் வேர்விட்டது, தலைவர் ஏ. எம். சாமி. தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்து, சம்பளத்தை ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொண்ட காலம் அது. தொண்டர்கள் வரிசையாக நின்று அணிவகுத்தார்கள். கள்ளுக்கடை வாசலில் நின்று குடிக்க வருபவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பீடோங், புக்கிட் செம்பிலான், டப்ளின் தோட்டம் என்று பரவிய அந்தக் கிளர்ச்சி 1947ன் முற்பகுதியில் போலீஸோடு மோதலில் போய் முடிந்தது. கைது நடந்தது, உயிர்களும் போயின. குடித்தவரைப் பிடித்துத் தண்டித்ததும் அந்தப் படையின் கணக்கில் உண்டு. அதை நான் புகழ மாட்டேன். ஆனால் ஒன்றைப் பார்க்கத் தவறக்கூடாது. ஒரு தோட்டத்துக்காரர் அடுத்த தோட்டத்துக்காரரை ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில், துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் லயத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், தோட்டம் தோட்டமாக ஒரே விஷயத்துக்கு ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். படிப்பு இருந்தவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இரண்டாவது நிகழ்ச்சி சத்தமில்லாதது. அதனாலோ என்னவோ மேடையில் அதிகம் பேசப்படுவதில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. துண்டாடிய இடத்தில் வேலை போயிற்று, வேலை போன இடத்தில் லயத்து வீடும் போயிற்று. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்கலாம் என்று சொன்னார். 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. ஒரு பங்கு நூறு வெள்ளி. நூறு வெள்ளிக்குத் தொழிலாளி எங்கே போவான்? அதனால் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். அந்தப் பத்து வெள்ளியும் அன்றைய பால்வெட்டுக் கூலியில் பெரிய தொகைதான். 1961ல் அந்தச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்!

தொழிற்சங்கமும் கூட்டுறவும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடாக எப்போதும் இழுத்தன என்று சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளர் சங்கம் பின்னர் 1967ல் தனக்கென்று ஒரு கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கியது. அப்படிப் பிரிந்து நின்றதால் நமக்கு நட்டமா லாபமா என்று பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் கருத்து நட்டம் என்பதே. ஆனால் புக்கிட் சிடிமில் நடந்ததற்கும் பதினோராம் எண்ணில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். புக்கிட் சிடிமில் நிலம் வெட்டுப்படும் முன் மக்கள் உள்ளே வந்தார்கள், கெரானில் பெயர் போட்டார்கள்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டிக்கு வந்த அதே வியாதி, தோட்டத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் உண்டு. கோயில் யார் நிலத்தில்? கம்பெனி நிலத்தில். பள்ளிக்கூடம்? பல இடங்களில் அதுவும் அப்படியேதான். இடுகாடு, பிரட்டுக் களம், பால் ஸ்டோர், பிள்ளைக்காம்பரா, பந்து விளையாடும் திடல் எல்லாம் நாம் பயன்படுத்துகிறோம், பேர் சொல்லி அழைக்கிறோம், ஆனால் வரைபடத்தில் அவை செம்பனை அல்லது ரப்பர் என்ற ஒரே பச்சை வண்ணம். சுங்கைப்பட்டாணி எவ்வளவு வேகமாக வளர்ந்துவிட்டது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேற்று பால் வெட்டிய இடம் இன்று தாமான். கூலிம் பக்கம் 1990களில் தோட்டங்கள் இருந்த பகுதியில் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தது. வரட்டும், வேலை வாய்ப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? நம் பிள்ளைகளே அங்கே வேலை செய்கிறார்கள். நிலம் மாறும்போது அந்த நிலத்தில் என்ன என்ன இருந்தது என்று சொல்லும் ஆள் அந்த மேஜையில் இருக்கிறானா என்பதே என் கேள்வி.

நம்மிடம் சங்கங்களுக்குப் பஞ்சமா? ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலய நிர்வாகம் ஒன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று. மணிமன்றம், தொழிற்சங்கக் கிளை, கட்சிக் கிளை, மாதர் குழு, மரண சகாயச் சங்கம், காற்பந்துக் குழு. முந்நூறு பேர் உள்ள தோட்டத்தில் ஏழெட்டுச் செயலாளர்! ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிதம் எழுதுகிறார்கள். கோயில்காரர் கோயிலுக்கு மட்டும், பள்ளிக்காரர் பள்ளிக்கு மட்டும். "ஒய்.பி.யப் பாத்தா ஆயிடும்" என்று ஒருவர் போக, "நான் நேத்தே பாத்துட்டேன்" என்று இன்னொருவர் சொல்ல, கடைசியில் ஒய்.பி.யின் மேஜையில் ஒரே நிலத்தைப் பற்றி நான்கு கடிதம், நான்கிலும் நான்கு கணக்கு. ஒருவர் கோயில் வயது எண்பது என்பார், இன்னொருவர் நூற்றிருபது என்பார். எந்த அதிகாரி அதை நம்பி வண்ணத்தை மாற்றுவார்?

சுங்கை பத்துவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2007ல் அந்தச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய், அவசரப்படாமல் முதலில் மேடுகளை எண்ணினார்கள். தொண்ணூறுக்கு மேற்பட்ட மேடுகள். 2009லிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்று ஊதும் மண் குழாய்கள் குவியல் குவியலாகவும், படகுத்துறையும் வெளிவந்தன. அதன் காலம் எவ்வளவு பழையது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. அது அவர்கள் பாடு. நான் கவனிப்பது அந்த முதல் வேலையை: எண்ணியது, படத்தில் குறித்தது. புக்கிட் சோராஸ் கதையும் அதுதான். யான் பக்கத்தில், ஜெராய் மலைக்கு வடக்கே உள்ள சிறு குன்று. ஜேம்ஸ் லோ பார்த்தது, வேல்ஸ் பார்த்தது, பிறகு ஏறத்தாழ எல்லோரும் மறந்தது. 2023ல் பல்கலைக்கழகத்தார் மறுபடி தோண்டினார்கள். 2024ல் சுதையால் செய்த புத்தர் சிலை அமர்ந்த நிலையில் முழுதாகக் கிடைத்தது என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். குன்றைச் சமன் செய்திருந்தால் சிலை எங்கே கிடைக்கும்?

பல்கலைக்கழகம் செய்த முதல் வேலையை நாமும் செய்யலாம், அதற்குப் பட்டம் வேண்டாம். இவ்வாண்டு எங்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் வரலாற்றுப் பாடத்துக்காக நம் தோட்டத்தைச் சுற்றி நடந்து ஒரு படம் வரைந்திருக்கிறார்கள். கயிறு பிடித்து அளந்தார்கள், பாட்டிமார்களைக் கேட்டு எழுதினார்கள். கோயில், அதன் பின்னால் உள்ள முனியாண்டி மரம், பழைய லயத்தின் கிணறு, இடுகாடு, ஸ்டோர் இருந்த சிமெண்டுத் தரை, பள்ளி முதலில் நடந்த கொட்டகை இருந்த இடம், ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆலய நிர்வாகத்தினரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும், மணிமன்றத்துத் தம்பிகளும் ஒரே நாளில் உட்கார்ந்து அதைச் சரிபார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். எத்தனை ஆண்டு என்பதில் சண்டை வந்தது, வரத்தான் செய்யும். ஆதாரம் இருப்பதை மையால் எழுதுவது, வாய்மொழியாக வந்ததைப் பென்சிலால் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மலாயில் ஒரு பிரதி எழுதி நகராண்மைக் கழகத்துத் திட்டப் பிரிவில் கொடுக்க வேண்டும். அதில் எல்லாச் சங்கங்களின் முத்திரையும் ஒரே தாளில் இருக்கும்.

படம் விழா அன்று மண்டபத்தில், பரிசுக் கோப்பைகள் வைத்திருக்கும் மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கும். எங்கள் பிள்ளைகள் விட்டுவிட்டது ஏதாவது உங்கள் நினைவில் இருந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். மூன்றாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள், எந்தப் பக்கம் என்று இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.